யாருடைய வற்புறுத்தலும் இன்றி

குற்றம் சாட்டுகிறவன்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த அலுவலகம். பதினான்கு மாதம் கழித்து, எதையும் நிரூபிக்காமல் என்னை வெளியே அனுப்பியதும் அதே அலுவலகம்தான். கோபம் ஆறிய பிறகு இதை எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் இப்படியே எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு பழைய பட்டறையை இடித்த இடத்தில் கட்டிய கண்ணாடிக் கட்டடம். அதன் மூன்றாவது மாடியில் அந்தக் கம்பெனி இருந்தது. அமெரிக்க வக்கீல்களுக்கு வந்து குவிகிற ஆவணங்களைப் பகல் முழுவதும் படித்து, தரம் பிரித்து அனுப்புவது எங்கள் வேலை. அங்கே அவர்கள் தூங்கி எழுவதற்குள் இங்கே நாங்கள் படித்து முடித்திருக்க வேண்டும். மேனாம்பேட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அம்மாவும் அதே பாதையில்தான் போவாள். எங்கள் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் தைக்கிறாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். நான் ஏழாவது படிக்கும்போது சொல்லிக்கொடுத்தேன்.

வேலையில் சேர்ந்த முதல் மாதம் பயிற்சி. அமெரிக்க அரசாங்கம், சட்டம், அவற்றின் அடிப்படைச் சொற்கள். என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் சட்டம் படித்தவர்கள். மீதிப் பேரும் ஆங்கில வழியில் படித்தவர்கள். நான் அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரி, பி.காம். அவர்கள் சொற்களைக் கேட்டதும் தலையாட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து ஒரு கோடு போட்ட நோட்டில் இடது பக்கம் அவர்களுடைய சொல்லையும் வலது பக்கம் எனக்குப் புரிந்ததையும் எழுதினேன். கிராண்ட் ஜூரி: வழக்குப் போடலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து முடிவு செய்கிற ஊர் ஜனங்கள். பர்டன் ஆஃப் ப்ரூஃப்: நிரூபிக்கிற சுமை, அது சொல்கிறவன் தலையில். ட்யூ ப்ராசஸ்: முன்கூட்டிச் சொல்லாமல், அவன் பக்கத்தைக் கேட்காமல், ஒருவனிடமிருந்து எதையும் பிடுங்கக் கூடாது. மாநிலத்துக்கு ஒரு சட்டம், நாட்டுக்கு ஒரு சட்டம், இரண்டுக்கும் தனித்தனிக் கோர்ட்டு என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று நாள் ஆனது. மாதக் கடைசியில் வைத்த தேர்வில் நான்தான் முதல். இதை நான் தன்னடக்கத்தோடு சொல்லப்போவதில்லை. முதல் என்றால் முதல்தான்.

எங்கள் டீம் லீடர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். மாங்காட்டில் ஃப்ளாட் வாங்கிக் குடியிருந்தார். நான் மேனாம்பேடு என்று தெரிந்த நாளிலிருந்து என்னை அவர் கூப்பிட்ட பெயர் "லோக்கல்."

"என்ன லோக்கல், ஃபர்ஸ்ட் மார்க்காமே? இங்கிலீஷ் எல்லாம் எங்க கத்துக்கிட்டே? எஸ்டேட் பஸ் ஸ்டாண்டுலயா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது சிரித்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் எரிச்சல் வருகிறது. நேற்று வந்து குடியேறியவர், மூன்று தலைமுறையாக அதே மண்ணில் இருக்கிறவளை, ஏதோ குறை மாதிரி லோக்கல் என்கிறார். அதற்கு நான் பல்லைக் காட்டியிருக்கிறேன்.

முதலில் எனக்குக் கொடுத்தது கோர்ட்டில் பேசியதை எழுதியெடுத்த பக்கங்களைச் சரிபார்க்கிற வேலை. எல்லாமே ஒரே வகை வழக்கு விசாரணை. விசாரணை என்று சொல்வதும் தப்பு. அமெரிக்காவில் பிடிபடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் விசாரணை வரைக்கும் போவதே இல்லை என்று அந்தப் பக்கங்களைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அரசு வக்கீல் ஒரு பேரம் பேசுவார். நீ குற்றத்தை ஒப்புக்கொள், தண்டனையைக் குறைத்துவிடுகிறோம். ஒப்புக்கொள்ளாமல் விசாரணைக்குப் போய்த் தோற்றால், பல மடங்கு தண்டனை. அதற்குப் பெயர் ப்ளீ பார்கெய்ன். ஒப்புக்கொள்ள வந்தவரிடம் நீதிபதி வரிசையாகக் கேட்பார். ஜூரியின் முன் விசாரணை கேட்க உனக்கு உரிமை இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்கிறாய், தெரியுமா? சாட்சிகளை நேருக்கு நேர் கேள்வி கேட்கிற உரிமையை விட்டுக்கொடுக்கிறாய், தெரியுமா? பேசாமல் இருக்கிற உரிமையையும் விட்டுக்கொடுக்கிறாய், தெரியுமா? தெரியும் ஐயா, தெரியும் ஐயா. கடைசியில் ஒரு கேள்வி: யாராவது மிரட்டியோ வற்புறுத்தியோ நீ இதைச் சொல்கிறாயா? இல்லை ஐயா.

ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர் இப்படி என் கண் முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அவர்கள் மேல் இரக்கம் வரவில்லை. இளக்காரம்தான் வந்தது. செய்யாதவன் எதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும்? முதுகெலும்பு இல்லாதவர்கள் என்று பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். அவள் திருநெல்வேலிப் பெண், கரையான்சாவடியில் ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். "ஏட்டி, ஒனக்கென்ன, நீ பேசுவ" என்றாள்.

எட்டாவது மாதம் என்னை வேறு வேலைக்கு மாற்றினார்கள். இரண்டு கம்பெனிகள் வழக்காடும்போது, ஒருவரிடம் இருக்கிற ஆவணங்களை இன்னொருவர் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். மறைத்து வைத்துக்கொண்டு கோர்ட்டில் போய் நிற்க முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் கொடுக்க வேண்டியதில்லை. தன் வக்கீலிடம் ஒருவர் ரகசியமாகப் பேசியது, எழுதியது. அதை யாரும் கேட்க முடியாது. அதற்குப் பெயர் ப்ரிவிலேஜ். லட்சக்கணக்கான பக்கங்களில் எது கொடுக்க வேண்டியது, எது வக்கீலோடு பேசிய ரகசியம் என்று பிரித்துக் குறி போடுவதுதான் எங்கள் வேலை. ஒரு ரகசியப் பக்கம் தவறிப்போய் எதிராளி கைக்குப் போனால், வேறு எந்தத் தப்பும் அதற்கு ஈடாகாது.

இங்கே அந்த அலுவலகத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு திரையின் மூலையிலும் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். வேலை நடந்தால் பச்சை. ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் சிவப்பு. சிவப்பு கூடினால் டீமின் பெயர் கெடும். டீமின் பெயர் கெட்டால் டீம் லீடருக்குப் பதவி உயர்வு கிடையாது. அதனால் சாப்பிடப் போகிறவரின் பக்கங்களைப் பக்கத்து சீட்டுக்காரர் நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும். "சீட்டைச் சூடா வெச்சுக்கங்க" என்பார் அவர். எல்லோருடைய பாஸ்வேர்டும் மஞ்சள் சீட்டில் எழுதி கீபோர்டுக்கு அடியில் இருந்தது. அடுத்தவர் பெயரில் வேலை செய்யக் கூடாது என்று சேரும்போது எங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வாங்கியவர்கள் ஒரு மாடி மேலே இருந்தார்கள். செய்யச் சொன்னவர் எங்கள் மாடியில் இருந்தார். யார் பேச்சைக் கேட்போம்?

அன்றைக்கு நான் கேன்டீனிலிருந்து திரும்பி வரும்போது என் நாற்காலி தள்ளிப் போடப்பட்டிருந்தது. திருநெல்வேலிப் பெண் சிரித்தாள்.

"ஒனக்கு இன்னைக்கு அதிர்ஷ்டம்ட்டி. சாரே ஒன் சீட்ல உக்காந்து மடமடன்னு தள்ளி உட்டுட்டுப் போறாரு. டார்கெட்டு முடியலயாம்."

நான் போய் அவருக்கு நன்றி சொன்னேன். "தேங்க்ஸ் சார்" என்றேன். அவர் தலையைத் தூக்காமலேயே பரவாயில்லை என்று கையை ஆட்டினார்.

அடுத்த வாரம் மெயில் வந்தது. பதினோரு ரகசியப் பக்கங்களில் 'கொடுக்கலாம்' என்று குறி போடப்பட்டிருந்தது. அவை எதிராளிக்குப் போய்விட்டன. அமெரிக்க வக்கீல் ஆபீஸ் கொதித்துக்கொண்டிருந்தது. குறி போட்டது என் லாகின். நேரம், நான் கேன்டீனில் இருந்த நேரம்.

டீம் லீடர் என் சீட்டுக்கு வந்து குனிந்து, அக்கறையாகச் சொன்னார். "ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு வரி விளக்கம் எழுதிப் போட்டுடு. பணிவா எழுது. மேல நான் பேசிக்கறேன்." முதல் முறையாக லோக்கல் என்று சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் எழுதினேன். அந்த நேரத்தில் நான் சாப்பிடப் போயிருந்தேன் என்று ஒரு வரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. பெரியவர்களுக்கு எழுதுகிற எதையும் பணிவாக முடித்துப் பழகிய கை இது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை எங்கள் வகுப்பில் யார் என்ன செய்தாலும் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுக்கிறவள் நான்தான். ஜன்னல் கண்ணாடி உடைந்தால் அடித்தவனுக்கும் எழுதுவேன், பக்கத்தில் நின்றவனுக்கும் எழுதுவேன். எல்லாவற்றிலும் ஒரே கடைசி வரி. அந்த வரியைத்தான் ஆங்கிலத்தில் போட்டேன்: தெரிந்தோ தெரியாமலோ நான் ஏதேனும் தவறு செய்திருந்தால் மன்னிக்கவும்.

கல்யாணப் பந்தியில்கூட இதைச் சொல்வோம். ஊருக்குக் கிளம்பும்போது சொல்வோம். யாரும் அதைக் கேட்டுவிட்டு, ஆஹா, இவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள் என்று நினைக்க மாட்டார்கள். ஆனால் அதைப் படிக்கப்போகிறவர்கள் என்னைப் போன்ற ஆட்கள். ஆவணத்தில் ஒருவன் தன் வாயால் தன் தப்பை எங்கே சொல்லியிருக்கிறான் என்று தேடித் தேடிக் குறி போடுகிறவர்கள். பகலெல்லாம் அந்த வேலையைச் செய்துவிட்டு, என் மெயிலை நானே ஒரு முறை படித்துப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மேல் மாடியில் எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். எச்.ஆர். அம்மாள் மேஜையில் என் மெயிலின் பிரின்ட் இருந்தது. இரண்டாவது வரி மேல் மட்டும் மஞ்சள் மார்க்கர். முதல் வரி வெறுமையாக இருந்தது. டீம் லீடர் ஓரமாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே ஒத்துக்கிட்டீங்க, நல்லது" என்றார் அந்த அம்மாள். "ஹானஸ்டியை நாங்க மதிக்கிறோம்."

"மேடம், நான் ஒத்துக்கல. அது மரியாதைக்குப் போடற வரி. மேல் வரியைப் படிங்க."

"சாப்பிடப் போயிருந்தேன்னு இருக்கு. லாகின் உங்களுது."

"கேன்டீன்ல கார்டு தேய்ச்சுத்தான் சாப்பாடு வாங்கறோம். எத்தனை மணின்னு அதுல இருக்கும். எடுத்துப் பாருங்க."

"அதுக்கு அட்மின்ல அப்ரூவல் வேணும்."

"வாங்குங்க மேடம்."

"அதுக்கெல்லாம் டைம் இல்லம்மா."

"அப்ப என் சீட்ல யாரு உக்காந்தாங்கன்னு சாரைக் கேளுங்க. இங்கதான் இருக்காரு."

டீம் லீடர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் ஃப்ளோர்ல நூறு சீட்டுக்குப் போவேன். எதுன்னு ஞாபகம் வெச்சுக்க முடியும்?"

எச்.ஆர். அம்மாள் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "பாரும்மா, இது கோர்ட் இல்ல."

அந்த வாக்கியத்தை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். நாலு சுவரும் கோர்ட்டுக் காகிதத்தால் சம்பாதித்துக் கட்டியவை. ஒரு மாடி கீழே நூறு பேர் யாரோ இரண்டு பேருக்கு நியாயம் கிடைப்பதற்காக ஆவணம் தேடிக்கொண்டிருந்தார்கள். கேன்டீன் இயந்திரத்தில் கிடக்கும் ஒரு துண்டுக் காகிதத்தை எனக்காக எடுக்க ஆள் இல்லை. அமெரிக்காவில் உள்ளவனுக்கு அது உரிமை. இங்கே உள்ளவளுக்கு அப்ரூவல்.

பிறகு பேரத்தைச் சொன்னார். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள், வேலை இருக்கும். எழுதாவிட்டால் வேலை போகும், அனுபவச் சான்றிதழும் கிடையாது. திங்கட்கிழமை வரைக்கும் நேரம்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஒரு சாரி எழுதினா கை தேஞ்சா பூடும்?" என்றாள். "நான் எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன் தெரியுமா? நூலு அறுந்தா சாரி. கரண்டு பூட்டா சாரி. சூப்பருவைசரு பொண்டாட்டியாண்ட சண்ட போட்டுகினு வந்தா அதுக்கும் நான்தான் சாரி."

"நீ சொன்னம்மா. எழுதல. சொன்னது காத்தோட பூடும். இது ஃபைல்ல இருக்கும்."

"ஃபைல எவன் பாக்கப் போறான்?"

"நான் பாக்கறேன். அதான் என் வேல. பத்து வருசத்துக்கு முன்னாடி எவனோ எழுதினத இப்ப நான் தோண்டி எடுத்து, தோ பாரு இவனே ஒத்துக்கினான்னு குறி போடறேன். என்னுதையும் ஒருத்தி எடுப்பா."

"இன்னாடி பேசற நீ. மொதல்ல சோத்துக்கு வழி பாரு. உன்னிய யாரு கொல பண்ணன்னு எழுதச் சொன்னாங்களா? ஏதோ காயிதம் மாறிப்போச்சு, அவ்ளோதானே?"

"நான் மாத்தலம்மா."

"அது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியணும்?"

வேறு யாருக்குத் தெரிய வேண்டும் என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையான்சாவடிக்குப் போனேன். மெயின் ரோட்டுக் கடைகளுக்குப் பின்னால் இருந்தது அவள் ஹாஸ்டல். திருநெல்வேலிப் பெண் துணி அலசிவிட்டு, வாளியும் ஈரக்கையுமாக வாசலுக்கு வந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நான் பாத்தேன்ட்டி. இல்லங்கல. ஆனா அவங்க கேட்டா பாக்கலன்னுதான் சொல்லுவேன். இப்பவே சொல்லிட்டேன், பொறவு கோவப்படாத."

"ஏன்?"

"ரெண்டு மாசத்துல எனக்கு வேலை நிரந்தரமாகணும். அவரு கையெழுத்துப் போட்டாத்தான் ஆகும். ஒனக்கு வேலை போனா நடந்து வீட்டுக்குப் போயிருவ. நான் எங்க போவேன், சொல்லு? ஊருக்குத் திரும்பிப் போனா அடுத்த மாசமே கட்டிக் குடுத்துருவாவ."

"நீ எனக்குச் சாட்சி சொல்ல வேண்டாம். பாத்தத மட்டும் சொல்லு."

"அதுக்குப் பேருதான சாட்சி? நீயே எனக்குச் சொல்லிக் குடுத்திருக்க."

நான் அவளைத் திட்டினேன். கோழை என்றேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் மேல் இருந்த கோபம் மட்டும் எனக்குக் கொஞ்சம் தணிந்திருக்கிறது. பயப்பட வைத்தவன் அலுங்காமல் உட்கார்ந்திருக்க, பயந்தவளைத் திட்டிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது முடிவு செய்துவிட்டேன். எழுதிக் கொடுத்துவிடுவது. முதுகெலும்பு இல்லாதவர்கள் என்று நான் சொன்ன அத்தனை பேரும் அந்த பஸ்ஸில் என்னோடு நின்றுகொண்டு வந்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலை, அதே அறை. அதே இருவர். கைப்பட எழுத வேண்டுமாம், அப்போதுதான் செல்லுமாம். பார்த்து எழுத டைப் அடித்த மாதிரிக் கடிதம் ஒன்றை நீட்டினார் எச்.ஆர். அம்மாள். "தமிழ்லயும் இருக்கு. உங்களுக்கு அது ஈஸியா இருக்கும்ல?"

ஆங்கிலத்தில் உள்ளதை எடுத்துக்கொண்டேன்.

முதல் வரி: இன்ன தேதியில் பதினோரு பக்கங்களைக் கவனக்குறைவாகத் தவறாகக் குறித்தேன். எழுதினேன். இரண்டாவது வரி: இதனால் நிறுவனத்துக்கு ஏற்பட்ட பாதிப்புக்கு நானே பொறுப்பு. எழுதினேன். மூன்றாவது: இனி இவ்வாறு நடக்காது. கை தானாகவே எழுதியது. நல்ல கையெழுத்து என்னுடையது. நான்காவது வரி: யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில் இதை எழுதுகிறேன்.

அங்கே பேனா நின்றது.

நான் சரிபார்த்த பக்கங்களில் ஒரு பெண் இருந்தாள். என்ன வழக்கு என்று இப்போது நினைவில்லை. யாராவது உன்னை வற்புறுத்தினார்களா என்று நீதிபதி கேட்கிறார். 'பதில் இல்லை' என்று எழுதியிருக்கிறது. மறுபடி கேட்கிறார். இல்லை என்று சொல்லச் சொன்னார்கள், என்கிறாள் அவள். நீதிபதி நிறுத்திவிடுகிறார். வக்கீலோடு பேசிவிட்டு வா என்று அனுப்புகிறார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, இல்லை ஐயா, என்கிறாள். எல்லாம் முடிந்தது. அந்தக் கால் மணி நேரத்தில் என்ன பேசினார்கள் என்பது எந்தப் பக்கத்திலும் கிடையாது. அது வக்கீலோடு பேசியது, ப்ரிவிலேஜ். நான் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தேன்.

"என்னம்மா யோசனை? கடைசி வரிதானே" என்றார் எச்.ஆர். அம்மாள்.

"இத எழுத மாட்டேன் மேடம்."

"அது ஃபார்மட்."

"தப்பு செஞ்சேன்னு எழுதச் சொன்னீங்க, எழுதிட்டேன். அதையும் என் இஷ்டத்துக்கு எழுதறேன்னு எழுதச் சொல்றீங்க. எழுதலன்னா வேல போயிடும்னு சொன்னது நீங்கதானே?"

"அது வற்புறுத்தல் இல்ல. ஆப்ஷன்."

"அப்ப அந்த ஆப்ஷனையும் எழுதிடறேன்."

நான்காவது வரியாக இதை எழுதினேன்: மேலே உள்ளதை எழுதாவிட்டால் வேலையை விட்டு நீக்குவோம் என்று சொன்னதால் எழுதுகிறேன்; அந்த நேரத்தில் நான் கேன்டீனில் இருந்தேன்; கார்டைப் பார்க்கவும். கீழே கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன். அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவர் படித்தார். புன்னகை போய்விட்டது. "இதை ஃபைல் பண்ண முடியாது."

"ஏன் மேடம்? பொய்யின்னா சொல்லுங்க, அடிச்சுடறேன்."

அவர் காகிதத்தை டீம் லீடர் பக்கம் நகர்த்தினார். டீம் லீடர் முதல் முறையாக போனைக் கீழே வைத்தார். "அப்பவே சொன்னேன். லோக்கல் ஆளுங்களை எடுத்தா இதான். ஈகோ."

"ஆமா சார், லோக்கல்தான்" என்றேன். "இங்கியே பொறந்தவ. அடுத்தவ சீட்ல உக்காந்து அவ பேர்ல கிறுக்கிட்டுப் போற பழக்கம் எங்க ஊர்ல இல்ல."

அவர் முகம் சிவந்ததைப் பார்த்தேன். அது எனக்குக் கிடைத்தது. அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. அரை மணி நேரத்தில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். சாப்பாட்டுப் பையை எடுக்க என் சீட்டுக்குப் போனபோது செக்யூரிட்டி ஆள் கூடவே வந்தார். திருநெல்வேலிப் பெண் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. என் திரையின் புள்ளி சிவப்பாக இருந்தது. யாரும் சூடாக வைக்கவில்லை. அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்டேன், தரவில்லை. அதை ஃபைலில் வைத்தார்களா, கிழித்துப் போட்டார்களா என்று எனக்குத் தெரியாது. நீக்கப்பட்டதாக மெயில் மட்டும் வந்தது. காரணம், நடத்தை சரியில்லை. பதினோரு பக்கத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். "ஒரு வரிக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். "முக்கால்வாசி எழுதிட்டு ஒரு வரிக்கு." எனக்கும் அதே கேள்விதான். முதல் மூன்று வரிகளை ஏன் எழுதினேன்? அவற்றை எழுதிய கையை என்ன செய்வது? யாரும் இதற்குப் பதில் சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கொள்கிறேன்: பயம்.

நான்காவது நாள் காலையில் மெட்ரோ வாட்டர் லாரி வந்திருந்தது. அம்மாவும் நானும் குடத்தோடு வரிசையில் நின்றோம். எதிர் வீட்டு அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா, பொண்ணு ரெண்டு மூணு நாளா ஊட்லயே கீது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அதுவா நின்னுடுச்சு. அந்த வேல புடிக்கலயாம். வேற நல்ல எடமா பாத்துகினு கீது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மா என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பொறுக்க முடியவில்லை.

"இல்லக்கா" என்றேன். "நானா நிக்கல. தூக்கிட்டாங்க. செய்யாத தப்ப செஞ்சேன்னு எழுதச் சொன்னாங்க. எதுக்கு எழுதறேன்னும் சேத்து எழுதினேன், தூக்கிட்டாங்க."

அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். எதிர் வீட்டு அக்கா, "எழுதிக் குடுத்துட்டுப் போறதுதானே, படிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?" என்றாள். பின்னால் நின்ற ஒருத்தி, எங்க கம்பெனியிலயும் இதே கதைதான், வெத்துக் காயிதத்துல கையெழுத்து வாங்கி வெச்சுகினுகீறாங்க, என்று ஆரம்பித்தாள். குழாய் என் குடத்துக்கு வந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா விடுவிடுவென்று முன்னால் போனாள். இடுப்புக் குடத்திலிருந்து தண்ணீர் தளும்பிக்கொண்டே போனது.

"பாக்கறவங்களாண்டல்லாம் இத்த சொல்லிகினே திரியப் போறியா?" என்றாள்.

"கேக்கறவங்களாண்ட சொல்வேன்."

"அப்ப ஒயுங்கா, முழுசா சொல்லு" என்று திரும்பி நின்று கத்தினாள். "அந்தாளு உன் சீட்ல வந்து உக்காந்தான்ல, அத்த ஏன்டி சொல்லாம உட்ட?"